ரேஷன் கடையில் ரேகை விழாதவர் வெளிநாடு கிளம்பும்போது

ரேஷன் கடை மெஷினில் ரேகை விழவில்லை என்றால் வேறு விரலை வைக்கச் சொல்வார்கள். அதுவும் ஆகாவிட்டால் ஏதாவது மாற்று வழி பார்த்து அரிசியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுக்கப் போகும் பெரியவர்களுக்கும் இது பழகிப்போன விஷயம். அதே விரல்களோடு பிராங்க்பர்ட்டிலோ டோக்கியோவிலோ நிற்கும்போது அந்தச் சலுகை எளிதில் கிடைக்காது. ஆகவே முதல் ஆலோசனை இதுதான்: வீட்டில் யாருக்காவது ரேஷன் கடையிலோ ஆதார் சரிபார்ப்பிலோ ரேகை விழுவது சிரமம் என்றால், அவருடைய விசா விண்ணப்பத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கையைத் திரட்டுவதற்கு முன்பே விரல்களைத் தயார் செய்யத் தொடங்கிவிடுங்கள்.

எல்லைச் சோதனையில் கைரேகை இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலாவது பதிவு. விசா மையத்தில் பத்து விரல்களையும் எடுத்துக் கோப்பில் சேர்ப்பார்கள். இரண்டாவது ஒப்பீடு. விமான நிலையக் கவுண்டரில் நீங்கள் வைக்கும் விரல் அந்தக் கோப்பில் உள்ளதுதானா என்று கணினி பார்க்கும். எல்லோரும் பயப்படுவது இரண்டாவதற்கு. சிக்கலின் வேர் பெரும்பாலும் முதலாவதில் இருக்கும். அரைகுறையாகப் பதிந்த ரேகையோடு ஒப்பிட்டால், அன்றைக்கு விரல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொருந்தாமல் போகலாம். அந்தப் பதிவு சீக்கிரம் அழிவதும் இல்லை. ஷெங்கன் விசாவுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) கொடுத்த ரேகையை 59 மாதங்கள் வரை அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். கனடாவுக்குக் கொடுத்தது 10 ஆண்டுகள் செல்லும். அதனால் விசா மையத்தில் கண்ணாடித் தட்டின் முன் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அவசரப்பட வேண்டாம். ஊழியர் அடுத்த டோக்கனைக் கூப்பிடும் அவசரத்தில் இருந்தாலும், திரையில் ஏதாவது ஒரு விரல் சரியாக விழவில்லை என்று காட்டினால், இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

விரல் ஏன் விழுவதில்லை

இந்த மையங்களில் பரவலாக இருப்பது ஒளியால் வேலை செய்யும் கருவி. கண்ணாடிக்கு அடியிலிருந்து வரும் ஒளி, விரல் தொடாத இடத்தில் அப்படியே பிரதிபலித்துத் திரும்பும். ரேகையின் மேடு கண்ணாடியை ஒட்டித் தொடும் இடத்தில் திரும்பாது, அங்கே படத்தில் கறுப்பு விழும். மேடு கறுப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் தெரிவது இப்படித்தான்.

இது புரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். தோல் காய்ந்திருந்தால் மேடு கண்ணாடியோடு முழுதாக ஒட்டாது. கோடாக வர வேண்டியது புள்ளி புள்ளியாக உடைந்து வரும். விரல் வியர்த்திருந்தால் பள்ளத்திலும் ஈரம் நிற்கும், எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அளவுக்கு மீறி அழுத்தினால் மேடுகள் சப்பையாகி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். 'இன்னும் அழுத்துங்கள்' என்று அதிகாரி சொல்வது காய்ந்த விரலுக்குப் பொருந்தும். வியர்வைக் கை உள்ளவர் அதைக் கேட்டு அழுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். முன்னால் நின்றவர் விட்டுப்போன எண்ணெய்க் கறையும் உங்கள் ரேகையோடு சேர்ந்து பதியக்கூடும். தட்டைத் துடைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ரேகை தேய்ந்திருப்பது வேறு கதை. சிமெண்ட், சுண்ணாம்பு போன்ற காரம் மிகுந்த பொருள்களில் கை வைப்பவர்கள், செங்கல் சூளை, உப்பளம், சாயப்பட்டறை வேலை செய்தவர்கள், பல காலம் பாத்திரம் தேய்த்தே பழகிய பெண்கள், மலையகத்தில் கொழுந்து பறித்த கைகள், இவர்கள் எல்லோருக்கும் மேடு தேய்ந்து பள்ளத்தோடு சமமாகிவிடுகிறது. முதுமையிலும் தோல் தளர்ந்து மேடு தாழ்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இப்படித் தேய்ந்த ரேகை பலருக்குத் திரும்ப வரும். ரேகையின் அச்சு மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும். ஆகவே தயாரிப்புக்கும் அந்தக் காலம் வேண்டும். முந்தின நாள் இரவு எண்ணெய் தடவிப் பயனில்லை.

அந்த நான்கு வாரங்களில் சலவைத்தூள், பிளீச்சிங் பவுடர், சிமெண்ட் எதையும் வெறுங்கையால் தொடக்கூடாது. ரப்பர் கையுறை போதும். இரவில் விரல் நுனிகளில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு தூங்கலாம். வெடிப்பு இருந்தால் அதன் மேலும் தடவலாம். கீறல் ஆழமாக இருந்தால் அது ஆறும் வரை விசா மையத்துக்கான தேதியைத் தள்ளிப்போடுவது நல்லது. விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனால் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. மருதாணி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். விரல் நுனி வரை மருதாணி வைத்துக்கொண்டு வர வேண்டாம் என்று விசா மையங்களே அறிவிப்பில் சொல்கின்றன. கல்யாண வீட்டிலிருந்து நேரே விசா மையத்துக்குப் போகிறவர், உள்ளங்கையோடு நிறுத்திக்கொண்டு நுனிகளை விட்டுவிடச் சொல்லலாம்.

சோதனை நாளன்று காலையில் கிரீம் தடவினால் உள்ளே போகும் முன் துடைத்துவிடுங்கள். வரிசையில் நிற்கும்போது சானிடைசர் போடாதீர்கள். அதிலுள்ள ஆல்கஹால் தோலின் எண்ணெயை வாங்கிக்கொண்டு விரலைக் காயவைத்துவிடும். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. பத்து மணி நேரப் பயணத்தில் நல்ல விரலும் காய்ந்துபோகும். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சிறிது கிரீம் தடவிக்கொள்வது உதவும். கவுண்டருக்கு வந்த பிறகும் விழவில்லை என்றால் விரல் நுனிகளை நெற்றியிலோ மூக்கின் பக்கவாட்டிலோ ஒரு தடவை தேய்த்துவிட்டு வைத்துப் பாருங்கள். அங்கே இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. அதிகாரிகளே சொல்லிக்கொடுக்கும் வைத்தியம் இது. வியர்வைக் கைக்காரர்களுக்கு இது வேண்டாம், அவர்களுக்குக் கைக்குட்டைதான்.

விரலை வைக்கும் விதத்திலும் கவனம் தேவை. நுனியை மட்டும் ஊன்றினால் போதாது. முதல் கணு வரை தட்டில் படுத்திருக்க வேண்டும். நீண்ட நகம் இதற்குத் தடை, வெட்டிவிடுங்கள். பத்து விரல் எடுக்கும்போது வழக்கமான வரிசை நான்கு, நான்கு, இரண்டு: வலக்கையின் நான்கு விரல்கள், இடக்கையின் நான்கு, பிறகு இரண்டு கட்டைவிரல்கள். நான்கையும் சேர்த்து வைக்கும்போது தவறுவது சுண்டுவிரல்தான். அது குட்டை என்பதால் தட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கையை மிகச் சிறிது சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சரியாகும். முழங்கையும் மணிக்கட்டும் கருவிக்கு நேராக இருக்க வேண்டும். குள்ளமானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் கையைக் கீழிருந்து மேலே நீட்டுவதால் விரல் சாய்வாகப் படிகிறது. பக்கத்தில் நிற்பவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் தொடக்கூடாது. அடுத்தவர் விரல் தட்டில் பட்டால் அது வேறு பிரச்சினையாகிவிடும்.

மருத்துவக் காரணம் உள்ளவர்கள்

புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேபெசிட்டபின் என்ற மாத்திரை உள்ளங்கையையும் பாதத்தையும் பாதிக்கும். தோல் சிவந்து உரிந்து, சிலருக்கு ரேகையே மறைந்துபோகும். 2008 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன 62 வயது நோயாளி ஒருவரை, ரேகை விழாததால் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அவருடைய மருத்துவர் இதை 2009இல் மருத்துவ இதழில் எழுதினார். அந்த மருந்தை எடுப்பவர்கள் மருத்துவரின் கடிதத்தோடு பயணம் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன ஆலோசனை. பிறவியிலேயே ரேகை இல்லாதவர்களும் உலகில் மிகச் சிலர் உண்டு. 2007இல் சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் அமெரிக்க எல்லையில் சிக்கிக்கொண்டதிலிருந்து மருத்துவர்கள் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்தார்கள். 2011இல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த நிலைக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் குடியேற்றத் தாமத நோய்.

கரப்பான், சொரியாசிஸ், தீக்காயம், தொழுநோயின் பழைய பாதிப்பு, எதுவானாலும் கடிதத்தில் நோயின் பெயர், மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, எந்தெந்த விரல்கள், இது தற்காலிகமா நிரந்தரமா என்ற ஐந்தும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கடைசி விவரம்தான் மிக முக்கியம். ஷெங்கன் விசா விதிகளின்படி விரல் கொடுக்க உடலால் இயலாதவருக்கு விலக்கு உண்டு. பத்துக்குக் குறைவாகத்தான் கொடுக்க முடியும் என்றால் முடிந்தவரை எடுப்பார்கள். தற்காலிகமாக இயலாதவர் அடுத்த விண்ணப்பத்தின்போது கொடுக்க வேண்டும். விரல் இல்லை என்பதற்காக விண்ணப்பத்தை வாங்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் அது விதியல்ல, தூதரகத்துக்கு எழுதுங்கள்.

நாட்டுக்கு நாடு

ஐரோப்பாவில்தான் இப்போது பெரிய மாற்றம். நுழைவு வெளியேற்றப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 அன்று 29 நாடுகளில் தொடங்கியது. படிப்படியாக விரித்து 2026 ஏப்ரல் 10க்குள் முழுமையாக்குவது என்பது திட்டம். அயர்லாந்தும் சைப்ரசும் இதில் இல்லை. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப் படமும் விரல் ரேகையும் பதிவாகும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கைக் கணினியே போடும். முன்பெல்லாம் மங்கிய முத்திரைகளை வைத்து அதிகாரி விரல்விட்டு எண்ணுவார், ஒரு நாள் இரண்டு நாள் தப்பிப் போகும். அந்தக் காலம் முடிந்தது.

இதில் நம்மவர்கள் குழம்பும் இடம் ஒன்று. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு விசா எடுத்துப் போகிறவரின் ரேகை ஏற்கெனவே விசா தகவல் தொகுப்பில் இருக்கிறது. எல்லையில் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், புதிதாக முகப் படம் மட்டும் சேர்ப்பார்கள். விசா தேவைப்படாத பிரித்தானிய, கனடியக் கடவுச்சீட்டுக்காரர்தான் முதல் தடவை எல்லையிலேயே நான்கு விரல் பதிய வேண்டும்: வலக்கையில் சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை. வலக்கை முடியாதென்றால் இடக்கை. லண்டனிலிருந்து ரயிலேறி பாரிஸ் லா ஷப்பேலுக்குச் சாமான் வாங்கப் போகும் தமிழர்களுக்கு இது செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலேயே நடக்கும். பிரெஞ்சு அதிகாரிகள் ரயில் ஏறும் முன்பே பார்க்கிறார்கள். முதல் பயணத்துக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு விரல் வேண்டாம், முகப் படம் உண்டு. ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு இந்தப் பதிவே கிடையாது, ஆகவே அவர்கள் அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சரியான வரிசையில் நிற்க வேண்டும். பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு நேரத்தை இழக்கிறார்கள். விரலோ முகமோ தர மறுத்தால் உள்ளே விடமாட்டார்கள். இதில் வாதாடிப் பயனில்லை.

டிக்கெட் போடும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது: சோதனை நடப்பது நீங்கள் போய்ச் சேரும் ஊரில் அல்ல, முதலில் கால் வைக்கும் ஷெங்கன் நாட்டில். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக ஜெனீவா போனால் பிராங்க்பர்ட்டில்தான் வரிசை. அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வயதானவர்களோடு போனால் மூன்று மணி நேரமாவது வேண்டும். துபாய், தோஹா வழியாக நேரே ஜெனீவா போனால் வரிசை கடைசியில்தான் வரும், தாமதமானாலும் விமானம் தப்பாது. ரேகை விழாத பெரியவர்களுக்கு இந்த வழிதான் நல்லது.

ஜப்பான் 2007 நவம்பர் 20 முதல் இரண்டு சுட்டுவிரல்களும் முகப் படமும் எடுக்கிறது. 16 வயதுக்குக் கீழ் விலக்கு. இரண்டு சுட்டுவிரல்களையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். அங்கிருந்து நாடு கடத்தப்பட்ட பெண் ஒருவர் இரு கை விரல்களின் தோலை அறுவை சிகிச்சையில் இடம் மாற்றிக்கொண்டு மறுபடி நுழைந்து, 2009இல் பிடிபட்டார். அதனால் விரல் நுனியில் தழும்போ பிளாஸ்டரோ இருந்தால் அங்கே கேள்வி வரும் என்று எதிர்பாருங்கள்.

அமெரிக்கா இந்தப் பழக்கத்தை விமான நிலையங்களில் பெரிய அளவில் கொண்டுவந்தது 2004 ஜனவரி 5 அன்று. முதலில் இரண்டு சுட்டுவிரல்தான், 2007இன் கடைசியிலிருந்து பத்து விரலுக்கு மாறியது. சென்னையில் விசாவுக்கு முதலில் விண்ணப்ப மையத்தில் விரலும் படமும், பிறகு துணைத் தூதரகத்தில் நேர்முகம் என இரண்டு இடம் போக வேண்டும்.

வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். கனடா விசாவுக்கு 14 முதல் 79 வயது வரை விரல் வேண்டும். பிரித்தானிய விசாவில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் படம் மட்டும். சிங்கப்பூர் 2016 ஏப்ரலில் ஆறு வயது முதல் வெளிநாட்டவரின் இரு கட்டைவிரல்களையும் எடுக்கத் தொடங்கியது. இப்போது அங்கே கருவிழியும் முகமும் முன்னுக்கு வந்துவிட்டன. கையில் ரேகை தேய்ந்தவருக்கு இது ஒரு வரம்.

கருவிழிக்கும் சிக்கல் உண்டு. கண் மருத்துவர் பரிசோதனைக்கு முன் விடும் சொட்டு மருந்து கண்மணியை விரித்துவிடும். சுற்றியுள்ள கருவிழி ஒடுங்கிப்போய் கருவி படிக்கத் திணறும். ஐக்கிய அரபு எமிரேட்சிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் வேண்டுமென்றே இந்த மருந்தைப் போட்டுக்கொண்டு திரும்ப நுழைய முயன்றதால், விரிந்த கண்மணியையே அங்கே சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். வளைகுடாவுக்குப் போகும் நாளிலோ முந்தின நாளிலோ கண் பரிசோதனை வைத்துக்கொள்ளாதீர்கள். நிறம் போட்ட லென்ஸையும் கழற்றிவிடுங்கள்.

முகத்தைப் பொறுத்தவரை பழனியில் மொட்டை போட்டதற்காகவோ தாடி வளர்த்ததற்காகவோ பதற வேண்டாம். கணினி பார்ப்பது கண், மூக்கு, வாய் இவற்றின் அமைப்பை. கண்ணாடியைக் கழற்றி, தரையில் உள்ள பாதக் குறியில் நின்று, கேமரா உயரம் சரியாகும் வரை அசையாமல் இருந்தால் போதும். கடவுச்சீட்டின் தோல் உறையைக் கழற்றிவிட்டுத் தட்டில் வையுங்கள். உறையோடு வைப்பதால் மெஷின் படிக்காமல் போவது தினமும் நடக்கும் கூத்து.

சென்னையிலிருந்து அடிக்கடி பறப்பவர்களுக்கு ஒரு வசதி வந்திருக்கிறது. விரைவுக் குடியேற்றத் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இணையத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் விரலும் முகமும் பதிந்துவிட்டால், தானியங்கி வாயிலில் போகலாம். ஐந்து ஆண்டு வரை அல்லது கடவுச்சீட்டு காலாவதியாகும் வரை செல்லும். இது இந்தியப் பக்கத்து வரிசைக்கு மட்டும்தான், போய் இறங்கும் நாட்டில் எந்தச் சலுகையும் தராது.

பழைய பதிவும் புதிய பெயரும்

தமிழர் கடவுச்சீட்டில் பெயர் ஒரு தீராத தலைவலி. இனிஷியலை விரித்து எழுதியது, அப்பா பெயர் குடும்பப் பெயரானது, குடும்பப் பெயர் காலியாக விட்டது என ஒருவருக்கே இரண்டு கடவுச்சீட்டில் இரண்டு பெயர் இருக்கும். ரேகை இதைப் பொருட்படுத்துவதில்லை. பழைய பெயரில் கிடைத்த விசா மறுப்பு புதிய பெயரிலும் வந்து நிற்கும். ஷெங்கன் தொகுப்பில் மறுப்பு 5 ஆண்டுகள் இருக்கும். அமெரிக்கத் தொகுப்பில் பயணியின் விவரம் 75 ஆண்டுகள் வரை இருக்கலாம். ஐரோப்பாவில் முன்பு அடைக்கலம் கேட்டவர்களின் ரேகை யூரோடாக் என்ற தனித் தொகுப்பில் 2003 ஜனவரி முதல் சேர்கிறது. அமெரிக்காவும் கனடாவும் குடியேற்றத் தகவலைத் தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்கின்றன. முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, காரணத்தை இரண்டு வரியில் விளக்குங்கள். மறுப்பு இருப்பது பெரும்பாலும் விளக்கிச் சமாளிக்கக்கூடியது. மறைத்தது தெரிந்தால் அதுவே தனிக் குற்றமாகி நீண்ட காலத் தடையில் முடியலாம். ஏஜென்ட் சொன்னார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் அறிவிப்பும் பழைய கடவுச்சீட்டும் கையோடு இருக்கட்டும்.

வெளியேறும்போதும் பதிவு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவின் புதிய முறையில் வழக்கமான பதிவு 3 ஆண்டுகள் இருக்கும். வெளியேறியதாகப் பதிவாகவில்லை என்றால் அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியவர் என்று கணினி எடுத்துக்கொள்ளும், அந்தப் பதிவு 5 ஆண்டுகள் நிற்கும். அடுத்த விசாவின்போதுதான் இது தெரியவரும். பதிவைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இந்த முறையில் உள்ள எந்த நாட்டின் அதிகாரிகளிடமும் எழுதிக் கேட்கலாம். ஆனால் ஆதாரம் உங்களிடம்தான் இருக்க வேண்டும். விமானத்தில் ஏறிய போர்டிங் பாஸ், ஊர் திரும்பியதும் குத்திய வருகை முத்திரை இரண்டையும் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். பேருந்திலோ படகிலோ வெளியேறியவர்கள் டிக்கெட்டோடு அடுத்த நாட்டில் அன்றே தங்கிய விடுதியின் ரசீதையும் சேர்த்து வைக்க வேண்டும்.